சதுர அடி விலையா, சான்றிதழா, கட்டிங் மேசையா?

ராணிப்பேட்டையிலிருந்தோ பேரணாம்பட்டிலிருந்தோ ஆம்பூர் ஷூ தொழிற்சாலைகளுக்குத் தோல் விற்கப் போகிறவரிடம் முதலில் கேட்கப்படுவது ஒன்றுதான்: "சதுர அடி என்ன விலை?" பதினான்கு ஆண்டுகளாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி வருகிறேன். பழைய வட ஆற்காட்டின் தோல் ஊர்கள் 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களுக்குப் பிரிந்தன. கேள்வி மட்டும் மூன்றிலும் ஒன்றாகவே இருக்கிறது. ஷூவின் மேல்பாகமான அப்பருக்கான தோலை அந்தத் தொழிற்சாலைகளிடம் எதை முன்னிறுத்தி விற்பது? எங்கள் பக்கத்து டேனரிகள் (தோல் பதனிடும் ஆலைகள்) மூன்று வழிகளைப் பின்பற்றுகின்றன. மூன்றையும் நான் செய்து பார்த்திருக்கிறேன்.

குறைந்த விலை முதல் வழி. கொள்முதல் மேலாளருக்குப் பிடித்த வழியும் இதுதான், ஏனென்றால் பேரம் பேசிக் குறைத்த தொகை அவர் கணக்கில் வரவாகத் தெரியும். ஷூவின் உள்பக்கத்துக்கான லைனிங் தோலுக்கு இது பொருந்தும். அப்பர் தோலில் விலையை மட்டும் பிடித்துக்கொண்டு போனால், அடுத்த தெருவில் ஒருவர் ஒரு ரூபாய் குறைக்கும் நாளில் நம்மிடம் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது.

இரண்டாவது, சுற்றுச்சூழல் சான்றிதழ். இதன் பின்னால் எங்கள் மண்ணின் வலி இருக்கிறது. பாலாறும் கிணறுகளும் டேனரிக் கழிவால் கெட்டதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996இல் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சுத்திகரிப்புக்குச் செலவழிப்பது வாங்குபவரைக் கவர அல்ல, இங்கே வாழ்வதற்கே. அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் விற்பனைக்கு அதை மட்டுமே நம்பலாமா? தோல் ஆலைகளைத் தணிக்கை செய்து சான்று தரும் லெதர் ஒர்க்கிங் குரூப்பின் தங்க, வெள்ளிச் சான்றுகளைப் பெரிய வெளிநாட்டு பிராண்டுகள் கேட்கின்றன. இல்லாதவர் அந்த வாசலுக்குள் நுழைய முடியாது. நுழைந்த பிறகு உள்ளே இருப்பவர்கள் எல்லோரிடமும் அதே சான்று இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. அந்தத் தணிக்கை ஆலையைப் பார்க்கிறது, அனுப்பும் தோல் தொகுதியான ஒவ்வொரு லாட்டையும் பார்ப்பதில்லை. மனித உடலில் படும் தோல் பொருட்களில், குரோமியத்தின் நச்சு வடிவமான குரோமியம் 6, கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக் கூடாது என்பது 2015 மே முதல் ஐரோப்பிய விதி. பதனிடும்போது நாம் போடுவது குரோமியம் 3. வெப்பம், வெளிச்சம், பொருந்தாத எண்ணெய் சேர்ந்தால், தோல் கிடங்கிலோ கப்பலிலோ இருக்கும்போதே அதில் ஒரு பகுதி குரோமியம் 6 ஆக மாறக்கூடும். சுவரில் மாட்டிய சான்றிதழ் அதைத் தடுக்காது.

மூன்றாவது வழி, வெட்டும்போது தோலில் எவ்வளவு பயன்படும் என்பதை முன்னிறுத்துவது. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது, ஷூ தொழிற்சாலையில் தோலை வெட்டும் ஒரு கட்டிங் மேசை. எங்கள் லாட் ஒன்றைப் பற்றிப் புகார் வந்து ஒரு தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். மேற்பார்வையாளர் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒரு தோலை விரித்தார். உண்ணிக் கடி, முள் கீறல் ஒவ்வொன்றையும் வெள்ளிப் பேனாவால் வட்டமிட்டார். வயிற்றுப் பகுதியை மடக்கி, சுருக்கம் தளர்ந்து எழுவதைக் காட்டினார். பிறகு துண்டு வெட்டும் அச்சான டையை அந்த வட்டங்களுக்கு நடுவே நகர்த்தி நகர்த்தி வைத்தார். எங்கெங்கே வைக்க முடியாதோ அங்கெல்லாம் அவருடைய முதலாளியின் பணம் குப்பைக்குப் போவதைக் கண்ணால் பார்த்தேன். விலைப்பட்டியலை நான் பைக்குள்ளிருந்து எடுக்கவே இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஜோடிக்கு வெட்டிய துண்டுகள் 2 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். 120 ரூபாய்த் தோலில் 75 சதவீதம்தான் பயன்படுகிறது என்றால் ஜோடிக்கு 320 ரூபாய் ஆகிறது. 126 ரூபாய்த் தோலில் 84 சதவீதம் பயன்பட்டால் 300 ரூபாய்தான். 10,000 ஜோடி ஆர்டரில் இரண்டு லட்சம் ரூபாய் வித்தியாசம். சதுர அடிக்கு ஆறு ரூபாய் கூடுதலாக வாங்கும் தோல்தான் உண்மையில் மலிவு. இதைச் சொல்ல வேண்டிய இடம் கொள்முதல் அறை மட்டும் அல்ல. கட்டிங் மேற்பார்வையாளரும் உற்பத்தி மேலாளரும் உட்கார்ந்திருக்கும் கூட்டம்.

நடுத்தர டேனரிக்கு நான் பரிந்துரைப்பது இந்த வழியையே. இது சுலபமானது அல்ல. தரம் பிரிக்கும்போது கை நடுங்காமல் கீழ்த் தரத்தைத் தனியே ஒதுக்க வேண்டும். அதை வேறு விலைக்கு, வேறு ஆளுக்கு விற்க வேண்டும். தடிமன் 1.2 மில்லிமீட்டர் என்று ஒப்புக்கொண்டால் கடைசித் தோல் வரை அது இருக்க வேண்டும். அளவு இயந்திரத்தை அடிக்கடி சரிபார்க்க வேண்டும். பெரிய ஆர்டருக்கு முன் இருபது தோலை அனுப்பி, "உங்கள் மேசையில், உங்கள் ஆட்களே வெட்டிக் கணக்குப் பாருங்கள்" என்று சொல்லும் தைரியம் வேண்டும்.

நாங்கள் அப்படித்தான் அனுப்புகிறோம். விலைப்பட்டியலில் சதுர அடி விலைக்கு மேலே, அந்த இருபது தோலில் எத்தனை சதவீதம் பயன்பட்டது என்பதை எழுத ஒரு கட்டத்தைக் காலியாக விடுகிறோம். அதை நிரப்புவது வாங்குபவரின் மேற்பார்வையாளர்.