எஸ்கே ஸ்டாண்டர்டு பிளஸ்: 50 மீட்டரில் ஒரு ரிம்ஃபயர் தோட்டாவின் சீர்மை

சென்டர்ஃபயர் (அடிப்பாகத்தின் நடுவில் தீமூட்டி உள்ள தோட்டாவைச் சுடும்) ரைஃபிள் வைத்திருப்பவர் வெடிமருந்தைத் தாமே அளந்து, குண்டைத் தாமே பொருத்தித் தமக்கு வேண்டிய சீர்மையை உருவாக்கிக்கொள்ளலாம். தீமூட்டும் கலவை உறையின் விளிம்புக்குள் இருக்கும் ரிம்ஃபயர் வகைத் தோட்டாவான பாயிண்ட் 22 லாங் ரைஃபிளைச் சுடுபவருக்கு அந்த வசதி இல்லை. தொழிற்சாலை அடைத்து அனுப்பியதைச் சுட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது ஒன்றே அவரால் ஆகக்கூடியது. ஜெர்மனியின் ஷோனெபெக் ஆலையில் தயாராகும் எஸ்கே ஸ்டாண்டர்டு பிளஸ் தோட்டாவை அந்த நோக்கத்தோடுதான் 50 மீட்டரில் சோதித்தேன். உயர்தரப் போட்டிகளுக்கான லாபுவா தோட்டாக்களும் அதே ஆலையிலிருந்தே வருகின்றன என்பதால், நடுத்தர விலையில் எந்த அளவு ஒழுங்கு கிடைக்கிறது என்று அறியும் ஆவல் இருந்தது.

குண்டின் எடை 40 கிரெய்ன், அதாவது சுமார் 2.6 கிராம். விநாடிக்கு 327 மீட்டர் வேகம் என்று நிறுவனம் குறிப்பிடுகிறது. ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழே இதை நிறுத்தியிருப்பதற்குக் காரணம் உண்டு. அதிவேகத் தோட்டாவின் குண்டு ஒலியை மிஞ்சிப் புறப்பட்டு, 100 மீட்டரைக் கடப்பதற்குள் ஒலிவேகத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. அந்த எல்லையில் காற்றின் எதிர்ப்பு கூடுவதால், வேகமான குண்டே பக்கக் காற்றில் அதிகம் விலகுகிறது. முதன்முறை கேட்பவர்கள் இதை நம்புவதில்லை.

சோதனையில் நான் முதலில் பார்த்தது குரூப்பின் (ஒரே குறியில் அடுத்தடுத்துச் சுட்ட துளைகளின் தொகுப்பு) அகலத்தை அல்ல, உயரத்தை. விநாடிக்கு 10 மீட்டர் வேக வேறுபாடு இருந்தால், 50 மீட்டரில் குண்டு விழும் இடம் மேலும் கீழுமாக ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் மாறும். சர்வதேச 50 மீட்டர் ரைஃபிள் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான் என்பதை நினைத்தால், தூக்கிப்பிடித்த கையில் எந்தக் குறையும் இல்லாமலேயே ஒரு புள்ளி போய்விடக்கூடும் என்பது புரியும். குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் காட்டும் சராசரி வேகம் எனக்கு முக்கியமில்லை. அடுத்தடுத்த வெடிகளுக்கிடையே அது எவ்வளவு ஊசலாடுகிறது என்பதே கணக்கு. அந்த வகையில் ஸ்டாண்டர்டு பிளஸ் அடக்கமாகவே நடந்துகொண்டது. குரூப் உயரவாக்கில் நீளாமல் ஏறக்குறைய வட்டமாக விழுந்தது. ஒப்பீட்டுக்காகச் சுட்ட, பெயர் சொல்ல வேண்டாத ஒரு மலிவு விலைத் தோட்டாவில் நான்கு குண்டுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்க, ஐந்தாவது தனியே கீழே போய் விழுவது வழக்கமாக இருந்தது.

இத்தகைய தனிக்குண்டுகளுக்கு ஒரு காரணம் விளிம்பிலேயே இருக்கிறது. ரிம்ஃபயரில் தீமூட்டும் கலவை ஈரப்பதத்தோடு உறைக்குள் இடப்பட்டு, சுழற்றி விளிம்பின் உட்பள்ளத்துக்குள் தள்ளப்படுகிறது. சுற்றிலும் அது சமமாகப் பரவாவிட்டால், விளிம்பைத் தாக்கும் ஃபயரிங் பின் எந்த இடத்தில் அடித்தது என்பதைப் பொறுத்துத் தீ மாறும். விளிம்பின் தடிமனை அளவியால் அளந்து தோட்டாக்களைப் பிரித்துவைக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. மலிவானவற்றில் அதற்குச் சிறிது பயன் இருக்கலாம். ஸ்டாண்டர்டு பிளஸில் பிரித்தவற்றுக்கும் பிரிக்காதவற்றுக்கும் இலக்கு அட்டையில் வேறுபாடு தெரியவில்லை. மாலை நேரத்தை அதில் செலவிடுவதைவிடக் கூடுதலாக ஒரு பெட்டி சுடலாம்.

குண்டின் மேல் பூசிய மெழுகு மசகு விரலில் மெல்லிய படலமாக ஒட்டுகிறது. மணல் படிந்த மேசையில் தோட்டாவை உருட்டிவைத்தால் அந்த மணல் நேரே குழலுக்குள் போகும் என்பதால், பெட்டியிலிருந்து எடுத்து நேரே சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை) வைப்பதே நல்லது. வேறு நிறுவனத்தின் தோட்டாவிலிருந்து இதற்கு மாறும்போது முதல் சில வெடிகள் அலைபாயும். பழைய மசகு போய்ப் புதியது குழலில் படியும்வரை வரும் குண்டுகளைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு தோட்டாவைக் குறைகூறுவது நியாயமல்ல. ஐந்து குண்டு குரூப் ஒன்றைப் படமெடுத்து வைத்துக்கொண்டு முடிவு சொல்வதும் அப்படித்தான். பெஞ்சில் தாங்குபையின் மேல் ரைஃபிளை வைத்து, பத்துப் பத்தாகப் பல குரூப்கள் சுட்டு, ஒவ்வொரு துளையும் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதன் சராசரியை எடுத்தால்தான் தோட்டாவின் குணம் தெரியும்.

எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும்: பெட்டியின் பெயரைவிட அதில் அச்சிட்ட லாட் எண்ணே, அதாவது எந்தத் தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்தது என்று காட்டும் எண்ணே முக்கியம். ஒரே பெயரில் வரும் இரு லாட்டுகள் ஒரே குழலில் வெவ்வேறாகச் சுடும். என் குழலுக்குப் பிடித்தது உங்கள் குழலுக்குப் பிடிக்காமலும் போகலாம். லாபுவா, எலி (Eley) போன்ற தோட்டா நிறுவனங்கள் வீரரின் ரைஃபிளையே வரவழைத்துப் பல லாட்டுகளைச் சுட்டுக்காட்டும் சோதனைக் கூடங்களை நடத்துவது இதனால்தான்.

பயிற்சிக்கும் கழக அளவிலான போட்டிகளுக்கும் ஸ்டாண்டர்டு பிளஸை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். உள்வட்டப் பத்துகளை எண்ணி வெற்றி தீர்மானிக்கப்படும் களத்துக்கு எலி நிறுவனத்தின் டெனெக்ஸ், லாபுவாவின் மைடாஸ் பிளஸ் வரிசையில் உள்ளவற்றையே நாட வேண்டும். வாங்குவதாக இருந்தால் கிடைக்கும் லாட்டுகளில் ஒவ்வொரு பெட்டி மட்டும் வாங்கிச் சுட்டுப் பாருங்கள். பொருந்துகிற லாட் அமைந்தால், அது கடையில் தீர்வதற்குள் 5000 தோட்டா கொண்ட முழுப் பெட்டியாகவே வாங்கிவிடுங்கள்.