காரைக்குடியில் வயலின் வாங்குவது: பரணா, பார்சலா, பட்டறையா?

என் மகள் நான்கு வருடமாக வயலின் கற்கிறாள். போன தை மாதம், முக்கால் சைஸ் இனிக் கைக்குப் பத்தாது, முழு சைஸ் வாங்கிவிடுங்கள் என்று டீச்சர் சொல்லிவிட்டார். எங்களுக்கு மூன்று வழி இருந்தது. ஆன்லைனில் ஒன்று வரவழைக்கலாம். ஐயா ரங்கூனிலிருந்து கொண்டுவந்து பரணில் போட்டு வைத்திருந்ததை எடுத்துச் சரி செய்யலாம். இல்லையென்றால், இங்கேயே ஒரு குடும்பம் நடத்தும் பட்டறையில் புதிதாகச் செய்யச் சொல்லலாம். மூன்றையும் பார்த்து, கேட்டு, ஒரே வில்லால் வாசிக்கவைத்த பிறகு இதை எழுதுகிறேன். குன்றக்குடி வைத்தியநாதன் பிறந்த மண் இது. வயலின் கற்கும் பிள்ளைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. அவர்களைப் பெற்றவர்கள் பலரும் என்னிடம் இதே கேள்வியைக் கேட்கிறார்கள்.

முதலில் சுருதிக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எந்த வயலின் நமக்கு ஒத்துவரும் என்பது அதில்தான் இருக்கிறது. மேல்நாட்டு முறையில் இரண்டாம் தந்தியை 440 ஹெர்ட்ஸில் நிறுத்துகிறார்கள். நாம் ச-ப-ச-ப என்று சேர்ப்போம். இரண்டரைக் கட்டைச் சுருதி என்றால் அதே தந்தி 311-க்கு வந்துவிடும். ஆறு அரைச்சுரம் இறக்கம். அவ்வளவு இறக்கினால் தந்தியின் இழுப்பு சரிபாதியாகிவிடும். முதல் தந்திக்கும் இதே கதைதான். கீழ்த் தந்திகள் இரண்டும் நான்கு அரைச்சுரம் இறங்கும், அவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இழுப்பு மிஞ்சும். முழு இழுப்புக்காகச் செய்த வயலினைப் பாதி இழுப்பில் வாசிக்கிறோம் என்றால், மேல்பலகை கனமாக இருக்கும் வயலின் வாயைத் திறக்காது. கடையில் மேல்நாட்டுச் சுருதியில் கணீரென்று கேட்டது வீட்டுக்கு வந்ததும் ஏன் அமுங்கிப்போகிறது என்று பல பேர் குழம்புவது இதனால்தான்.

பார்சல் வயலினுக்கு நான் கொடுத்தது 6,500 ரூபாய். சீனாவில் ஜியாங்சு மாகாணத்தில் ஹுவாங்சியாவ் என்ற ஊரே வயலின் செய்து பிழைக்கிறது. இந்த விலையில் கிடைப்பவை பெரும்பாலும் அது போன்ற தொழிற்சாலை ஊர்களிலிருந்துதான் வருகின்றன. பெட்டியைத் திறந்தால் தந்திகள் தொளதொளவென்று கிடந்தன, பிரிட்ஜ் தனியாக ஒரு காகிதத்தில் சுற்றியிருந்தது. தந்திகளைத் தாங்கி நிற்கும் பிரிட்ஜை நம் பக்கத்தில் குதிரை என்போம். நிமிர்த்தி வைத்துப் பார்த்தேன். குதிரையின் காலுக்கும் மேல்பலகைக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தது. ஒருவாரம் வாசித்ததில் ஃபிங்கர்போர்டின் கறுப்புச் சாயம் மகளின் விரல் நுனியில் ஒட்டியது. கருங்காலிக்குப் பதில் வேறு மரத்துக்குச் சாயம் பூசியிருக்கிறார்கள்.

அதற்காக இது குப்பை என்று சொல்ல மாட்டேன். அளவு சரி, கழுத்து நேர், எங்கும் விரிசல் இல்லை. பட்டறைக்குக் கொண்டுபோய்க் குதிரையைச் செதுக்கி, தந்தியை முறுக்கும் பிருடைகளைத் துளைக்குப் பொருந்தச் சீவி, உள்ளே நிற்கும் சவுண்ட்போஸ்ட் குச்சியை மாற்றி நிறுத்தியதும் அது வேறு வயலினாகிவிட்டது. அந்த வேலையைக் கிட்டே உட்கார்ந்து பார்த்தேன். பென்சில் கனத்தில் ஒரு ஸ்ப்ரூஸ் மரக் குச்சி. பட்டறைப் பெரியவர் அதன் இரண்டு முனைகளையும் பலகையின் வளைவுக்கு ஏற்றபடி சாய்வாகச் சீவினார். பிறகு பாம்பு போல் நெளிந்த ஒரு இரும்புக் கம்பியில் குத்தி, எஃப் வடிவத் துளை வழியாக உள்ளே விட்டு நிமிர்த்தினார். பசை எதுவும் கிடையாது. மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் இடையே, குதிரையின் வலது காலுக்குச் சற்றுப் பின்னால், இறுக்கத்திலேயே நிற்க வேண்டும். "ஆத்தா, இப்ப வாசி" என்றார். மகள் வாசித்தாள். கம்பியை விட்டு அரை மில்லிமீட்டர் தட்டினார். "இப்ப?" நான்காவது தடவை, கீழ் சட்ஜமம் பட்டாலை முழுக்க நிறைந்தது. எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய் வாங்கினார். கற்க ஆரம்பிக்கும் பிள்ளைக்கு முதல் மூன்று வருடத்துக்கு இது போதும். ஆனால் அந்த 1,800-ஐச் செலவழிக்காமல் பார்சல் வயலினைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். குதிரை உயரமாக நின்றால் கமகம் பிடிக்கும்போது விரல் வலிக்கும், பிள்ளை தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்ளும்.

அப்புறம் பரண் வயலின். செட்டிநாட்டு வீடுகளில் பெல்ஜியம் கண்ணாடியோடும் பீங்கான் சாமானோடும் வந்த வயலின் ஒன்று எங்காவது ஒரு பெட்டியில் தூங்கும். எங்களுடையதில் உள்ளே ஒட்டியிருந்த சீட்டில் ஸ்ட்ராடிவேரியஸ் என்று லத்தீனில் எழுதியிருந்தது. அப்பத்தா கோடிக் கணக்கில் போகும் என்றே நம்பியிருந்தார். ஸ்ட்ராடிவாரி 1737-இல் இறந்துவிட்டார். அவர் மாதிரியைப் பார்த்து ஜெர்மனியின் மார்க்நாய்கிர்ஷன் பகுதியில் ஆயிரமாயிரமாகச் செய்து, அதே சீட்டை ஒட்டி உலகம் முழுவதும் விற்றார்கள். சீட்டின் அடியில் ஆங்கிலத்தில் 'மேட் இன் ஜெர்மனி' என்றும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயரைப் போடவைத்த பிரிட்டிஷ் சட்டம் 1887-இல்தான் வந்தது. எங்கள் சீட்டில் அந்த வரியும் இருந்தது.

பெரியவர் ஒரு சின்ன பல்பையும் பல் டாக்டர் வைத்திருக்கும் கண்ணாடியையும் உள்ளே விட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். உள்புறம் உளித்தடம் அப்படியே கிடந்தது. மேல்பலகைக்கு அடியில் தனியாக ஒட்ட வேண்டிய பாஸ்பார் என்ற கட்டையை, பலகையிலேயே விட்டுச் செதுக்கியிருந்தார்கள். அவசர வேலை. ஆனாலும் மரம் நல்ல மரம், மெல்லிய பலகை, நூறு வருடம் காய்ந்தது. ஓரத்தில் நாலு அங்குலம் பசை விட்டிருந்தது. நான் பதறினேன், அவர் சந்தோஷப்பட்டார். "வச்சிரம் விட்டா நல்லது தம்பி. அது விடலைன்னா பலகை பிளந்திருக்கும்." வச்சிரப் பசை சூடும் ஈரமும் பட்டால் இளகும், எத்தனை முறை வேண்டுமானாலும் பிரித்து ஒட்டலாம். அவரைக் கலங்கவைத்தது வேறு. யாரோ ஒருவர் எப்போதோ கழுத்தை மரக்கடை வெள்ளைப் பசையால் ஒட்டியிருந்தார். அதைச் சுரண்டி எடுக்கவே இரண்டு நாள் ஆனது.

முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளில் இப்படி வயலின் பார்த்தால் சீட்டைப் பார்த்து விலை பேசாதீர்கள். அடிப்பலகையில் சவுண்ட்போஸ்ட் நிற்கும் இடத்தில் நெடுக்காக விரிசல் இருந்தால் விட்டுவிடுங்கள். அதைச் சரிசெய்யும் செலவில் இன்னொன்று வாங்கலாம். பூச்சித் துளை, படுத்துவிட்ட கழுத்து இரண்டையும் பாருங்கள். மற்றதெல்லாம் சரிசெய்யக் கூடியவை.

பட்டறையில் அப்பா, மகன், மருமகள் மூன்று பேர். பழுது பார்ப்பதுதான் பிழைப்பு, புதிதாக வருடத்துக்கு இரண்டு மூன்று செய்கிறார்கள். வார்னிஷ் முழுக்க மருமகள் கை. பர்மா தேக்கில் செய்து தரச் சொல்லி வருகிறவர்கள் உண்டாம். தூணுக்குத் தேக்குதான் ராஜா, வீணைக் குடத்துக்குப் பலா. வயலின் மேல்பலகைக்கு எடை குறைந்து விறைப்பு கூடிய மரம் வேண்டும், ஸ்ப்ரூஸ் தேக்கைவிடக் கணிசமாக லேசு. அதனால் ஸ்ப்ரூஸையும் மேப்பிளையும் ஐரோப்பாவிலிருந்து வரவழைத்து வருடக் கணக்கில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். நம் சுருதிக்காகவே மேல்பலகையைக் கால் மில்லிமீட்டர் கூடுதலாக இழைத்து மெல்லிசாக்குகிறார்கள். பார்சலைப் போல் பத்து மடங்கு விலை, எட்டு மாதம் காத்திருக்க வேண்டும். திரும்ப விற்கப் போனால் போட்ட பணம் வராது. புது வயலினின் குரல் பழக ஒன்றிரண்டு வருடமும் ஆகும்.

டீச்சரைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு மூன்றிலும் மகள் காம்போதி வாசித்தாள். மூன்றாவது வயலின், பட்டறையில் வேறொருவருக்காகச் செய்து முடித்திருந்தது. கீழ் ஸ்தாயியில் பரண் வயலினைத்தான் டீச்சர் சொன்னார், தயக்கமே இல்லை. தார ஸ்தாயியில் பட்டறை வயலின். பார்சலை உடனே கண்டுபிடித்துவிட்டார், ஆனால் மோசம் என்று சொல்லவில்லை.

நாங்கள் பரண் வயலினையே வைத்துக்கொண்டோம். பழுதுக்கு ஆனது 14,000 ரூபாய். பரணில் எதுவும் இல்லாத வீடாக இருந்து, பிள்ளையும் ஐந்தாறு வருடம் தாண்டிக் கச்சேரி மேடை வரை போகும் என்று தோன்றினால், நான் பட்டறையில் சொல்லிவைத்துக் காத்திருப்பேன். பார்சல் வயலின் இப்போது தங்கை மகனுக்காகப் பெட்டியில் இருக்கிறது. ஐப்பசி மழை தொடங்கினால் பிருடைகள் உப்பி இறுகும், அப்போது பலமாகத் திருகாமல் வயலினைத் தன்னிடம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் பெரியவர்.