கான்வகேஷன் (பட்டமளிப்பு விழா) பணத்தை ரசீது இல்லாம கையில குடுத்துடாதீங்க, டெல்டா பக்கம் படிக்கிற தம்பி தங்கச்சிங்களுக்கு

நேத்து ராத்திரி காலேஜ் ஜூனியர் ஒருத்தி போன் பண்ணா. "அக்கா, கான்வகேஷன் சர்குலர் வந்துருச்சு, ஆபீஸ்ல பணத்தைக் கையில குடுக்க சொல்றாங்க, ரசீது அப்பறம் தரேன்றாங்க, குடுத்துரட்டுமா"ன்னு கேட்டா. எனக்கு அப்படியே உடம்பு பதறிருச்சு. போன வருஷம் நான் நம்பி ஏமாந்தது இதே வார்த்தைதான். அவகிட்ட சொன்னதை இங்க எல்லாருக்கும் சேத்து எழுதுறேன், நீளமாத்தான் இருக்கும், கடைசி வருஷம் படிக்கிறவங்க தயவுசெஞ்சு முழுசா படிங்க.

காலேஜ் பேரும் யுனிவர்சிட்டி பேரும் எழுதல, கேக்காதீங்க. அங்க இன்னும் எங்க ஊரு புள்ளைங்க படிக்குதுங்க, அவங்களுக்கு இன்டர்னல் மார்க் போடுறதும் அதே ஆளுங்கதான்.

எங்க ஊரு குத்தாலம் பக்கம். அப்பா குத்தகைக்கு நெலம் எடுத்து குறுவையும் சம்பாவும் போடுறவரு, அம்மா நடவு, களையெடுப்புக்குப் போவாங்க. எங்க வீட்டுல முதல் டிகிரி நான்தான். கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சதால புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா வந்துச்சு, அதுல மிச்சம் புடிச்சு வச்சிருந்த காசுலதான் கான்வகேஷன் பீஸ் கட்டினேன். அதனாலதான் இன்னும் மனசு ஆறல.

மொதல்ல இது எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சுக்கோங்க, எனக்கு இது தெரியாமத்தான் போச்சு. நம்மள மாதிரி யுனிவர்சிட்டியோட இணைஞ்ச காலேஜ்ல படிக்கிறவங்களுக்கு விழா காலேஜ்ல நடக்கும், ஆனா டிகிரி சர்டிபிகேட் அச்சடிச்சுக் குடுக்குறது யுனிவர்சிட்டி. நாம காலேஜ் ஆபீஸ்ல அப்ளிகேஷனும் பணமும் குடுக்கணும், அவங்க எல்லார் ரெஜிஸ்டர் நம்பரையும் லிஸ்ட் போட்டு, பணத்தோட கடைசித் தேதிக்குள்ள யுனிவர்சிட்டிக்கு அனுப்பணும், அங்கேர்ந்து சர்டிபிகேட் கட்டுக்கட்டா வரும், விழா அன்னிக்கு மேடையில குடுப்பாங்க. நடுவுல ஒரு பேரு விட்டுப்போனா காலேஜ் யுனிவர்சிட்டிய கை காட்டும், யுனிவர்சிட்டி காலேஜைக் கை காட்டும், நாம நடுவுல பஸ் ஏறி எறங்கிக்கிட்டே இருக்கணும்.

நான் பணம் கட்டினது ஜூன் மாசம். மொத்தம் 850 ரூபா. ஆபீஸ்ல இருந்த சார் ஒரு நோட்டுல பேரை எழுதிக்கிட்டாரு. என் பேர்ல ஒரு ழ வரும். அவரு ல போட்டாரு. "சார், சின்ன ல இல்ல, ழ"ன்னு சொன்னேன், "அதெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துறப்ப பாத்துக்கலாம் பாப்பா"ன்னாரு. ரசீது கேட்டேன். புக் தீந்துபோச்சு, புது புக் வந்ததும் வாங்கிக்கன்னாரு. பின்னாடி இருபது பேரு லைன்ல நிக்கிறாங்க, நானும் சரி சார்னு வந்துட்டேன். ஒரு போட்டோ கூட எடுக்கல அந்த நோட்டை. அன்னிக்கு அந்த ஒரு நிமிஷம் நகராம நின்னிருந்தா இந்தப் பதிவே எழுத வேண்டி வந்திருக்காது.

செப்டம்பர் கடைசியில விழான்னு தேதி வச்சாங்க. விழாவுக்கு பதினாலு நாள் இருக்கறப்ப நோட்டீஸ் போர்டுல லிஸ்ட் ஒட்டினாங்க, பிரண்டு போட்டோ எடுத்து அனுப்புனா. எங்க டிபார்ட்மென்ட்ல என் பேரும் இன்னும் நாலு பேரும் இல்ல. அஞ்சு பேரும் ஒரே நாள்ல, ஒரே நோட்டுல பணம் குடுத்தவங்க.

மறுநாள் காலையில ஆபீஸ்ல போய் நின்னேன். "நாங்க அனுப்பிட்டோம்மா, யுனிவர்சிட்டிலதான் விட்டுருக்காங்க, அங்க போய்க் கேளு." சரின்னு கெளம்பி ரெண்டு பஸ் மாறிப் போனேன். டவுன் பஸ்னா எங்களுக்கு டிக்கெட் இல்ல, இது வெளியூர் பஸ்ஸு, ஒவ்வொரு தடவையும் போக வர காசு. அங்க ஒரு கவுன்டர்ல கேட்டா இன்னொரு கவுன்டர், அங்க கேட்டா ரெண்டாவது மாடி செக்ஷன், மாடிக்குப் போனா "சார் லீவு, நாளைக்கு வாங்க", நாளைக்குப் போனா "சார் மீட்டிங்ல இருக்காரு", மூணாவது நாள் சார் இருந்தாரு, கம்ப்யூட்டரைப் பாத்துட்டு "உன் ரெஜிஸ்டர் நம்பர் எங்களுக்கு வரவே இல்லம்மா, காலேஜ்ல லெட்டர் வாங்கிட்டு வா"ன்னாரு. இதை எழுதிக் குடுங்க சார்னு கேட்டேன், அதெல்லாம் எழுதித் தர முடியாதுன்னுட்டாரு. திரும்பி காலேஜுக்கு வந்தா "அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க, நாங்க அனுப்பிட்டோம், எதுக்கு லெட்டர்"னு கேக்குறாங்க. ஆறு நாள் இப்படியே போச்சு. நான் பாத்துக்கிட்டிருந்த ஸ்கூல் வேலையில ஆறு நாள் சம்பளமும் போச்சு.

இந்த ஏழாவது நாள்லதான் நான் பெரிய தப்பு பண்ணேன், இதை நல்லா கவனிங்க. யுனிவர்சிட்டி வாசலுக்கு எதிர்ப்பக்கம் ஜெராக்ஸ் கடை வரிசையா இருக்கும்ல, அதுல ஒண்ணுல நான் அழுதுக்கிட்டே மார்க் ஷீட் ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டு நிக்கிறேன், கடையில உக்காந்திருந்த ஒருத்தர் "என்ன தங்கச்சி, கான்வகேஷன் பிரச்சினையா"ன்னு அவராவே பேச்சுக் குடுத்தாரு. செக்ஷன்ல எல்லாரையும் தெரியும், அர்ஜென்ட்ல போட்டா அஞ்சு நாள்ல சர்டிபிகேட் கைக்கு வரும், 3000 ஆகும்னாரு. உள்ள இருக்கிற சார் பேரு, அவரு எந்த சீட்டு, எல்லாம் சரியா சொன்னாரு, அதுல நம்பிட்டேன். அம்மாகிட்ட கேட்டேன், மகளிர் குழுவுல வாங்கி போன்ல அனுப்பி வச்சாங்க. அந்தாளுக்கு ஜிபேல போட்டேன். மூணு நாள் போன் எடுத்தாரு, "உள்ள போயிருச்சு தங்கச்சி, சைன் ஆகுது"ன்னாரு. நாலாவது நாள்லேர்ந்து ஸ்விட்ச் ஆஃப். கடைக்குப் போய்க் கேட்டா "அவரு சும்மா வந்து உக்காருவாரும்மா, எங்க ஆளு இல்ல"ன்னு சொல்லிட்டாங்க.

இந்த மாதிரி ஆளுங்க குறி வைக்கிறது கண்ணு கலங்கி நிக்கிற வெளியூர்ப் புள்ளைங்களத்தான். உள்ள இருக்கிறவங்க பேரைச் சொல்றாங்கன்னு நம்பாதீங்க, அந்தப் பேரெல்லாம் ரூம் வாசல் போர்டுலயே எழுதியிருக்கு, நான் அப்பறம்தான் கவனிச்சேன்.

விழாவுக்கு ரெண்டு நாள் முன்ன காலேஜ்ல போன் பண்ணி "நீ வாம்மா, அன்னிக்கு வந்துரும், இல்லன்னா வெறும் போல்டராவது மேடையில குடுத்துருவோம், கவுன் வாடகை மட்டும் கட்டிரு"ன்னாங்க. அதையும் நம்பினேன். அப்போ குறுவை அறுப்பு நேரம். மெசின் அன்னிக்குத்தான் கெடச்சுச்சு, அப்பா அதை பக்கத்து வயக்காரருக்கு விட்டுக் குடுத்துட்டு வெள்ளை வேட்டி சட்டையோட வந்தாரு. அம்மா கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவை. நான் கவுன் போட்டு உக்காந்திருந்தேன், டிபார்ட்மென்ட் டிபார்ட்மென்ட்டா கூப்புடுறாங்க, எங்க வரிசை எழுந்து போகுது, என்னையும் அந்த நாலு பேரையும் ஒரு மேடம் வந்து "நீங்க உக்காருங்க, லிஸ்ட்ல இருக்கிறவங்க மட்டும்தான் மேடைக்கு"ன்னு சொல்லிட்டாங்க. போல்டரும் இல்ல. பெத்தவங்க உக்கார்ற எடத்துலேர்ந்து அம்மா எட்டி எட்டிப் பாத்துக்கிட்டே இருந்தாங்க, எப்ப மேடையேறுவேன்னு. கடைசி ஆள் எறங்கி தேசிய கீதம் பாடுற வரைக்கும் பாத்தாங்க. நான் போய் என்ன சொல்லுவேன்?

திரும்பி வர்றப்ப பஸ்ல அப்பா ஒண்ணுதான் கேட்டாரு. "கொள்முதல் நிலையத்துல நெல்லைக் கொட்டிட்டு ராத்திரி பகலா கெடக்கிறோம், ஈரப்பதம் 17க்கு மேல இருந்தா தள்ளி நிறுத்துறான், ஆனா அங்க கூட எத்தனை மூட்டைன்னு சீட்டு குடுக்குறான். உங்க காலேஜ்ல 850 ரூபாய்க்கு ஒரு சீட்டு இல்லயாம்மா?" எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல.

அதுக்கப்பறம் பேசுறதை நிறுத்திட்டு எல்லாத்தையும் எழுத்துல கேக்க ஆரம்பிச்சேன். அங்கதான் விஷயம் நகர்ந்துச்சு. எங்க ஊர்ல ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர்தான் வழி சொன்னாரு. ரெண்டு மனு எழுதினோம்.

ஒண்ணு ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமை மனு. 2005 சட்டம், 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, யுனிவர்சிட்டியோட பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீட் போஸ்ட். இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, "ஏன் எனக்கு சர்டிபிகேட் குடுக்கல"ன்னு கேட்டா பதில் மழுப்பலா வரும். அதனால ஆவணத்தைக் கேட்டோம்: எங்க காலேஜ்லேர்ந்து வந்த விண்ணப்பதாரர் பட்டியலோட நகல், அது வந்து சேந்த தேதி, அதுல என் பதிவு எண் இருக்கா இல்லையா. 30 நாளைக்குள்ள பதில் குடுத்தாகணும், குடுக்கலன்னா மேல்முறையீடு போகலாம். எனக்கு 27வது நாள் கவர் வந்துச்சு. லிஸ்ட் நகலோட. எங்க அஞ்சு பேரு நம்பரும் அதுல இல்ல. காலேஜ் அனுப்பவே இல்ல. ஆறு நாள் என்னைய அலைய விட்டவங்களுக்கு இது தெரியும், தெரிஞ்சுக்கிட்டேதான் பஸ் ஏத்தி விட்டாங்க.

இன்னொண்ணு காலேஜ்ல இருக்கிற மாணவர் குறைதீர்ப்புக் குழுவுக்கு. 2023ல யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) போட்ட ரெகுலேஷன்படி ஒவ்வொரு காலேஜ்லயும் இது இருக்கணும், புகார் வந்து 15 வேலை நாளுக்குள்ள அறிக்கை குடுக்கப் பாக்கணும், அதுல திருப்தி இல்லன்னா யுனிவர்சிட்டியில இருக்கிற ஆம்பட்ஸ்பெர்சனுக்கு (மாணவர் குறைகளை விசாரிக்கிறவரு) 15 நாளைக்குள்ள அப்பீல் போகலாம். பட்டத்துக்குத் தகுதி வந்த நாள்லேர்ந்து 180 நாளைக்குள்ள பட்டம் குடுக்கணும்னு 2008 யுஜிசி ரெகுலேஷன்லயே இருக்கு, அதையும் மனுவுல எழுதினோம். ஆர்டிஐல வந்த நகலையும் பின் பண்ணி, எங்க அஞ்சு பேரு கையெழுத்தோட பிரின்சிபல்கிட்டயே நேர்ல குடுத்து, எங்க காப்பியில சீல் வச்சு தேதி போட்டு வாங்கினோம். சீல் வைக்க மாட்டேன்னாங்க. சீல் வைக்கிற வரைக்கும் நாங்க அஞ்சு பேரும் அங்கயே நின்னோம்.

ரெண்டே வாரத்துல எங்க அப்ளிகேஷன் யுனிவர்சிட்டிக்குப் போச்சு. லேட் பீஸையும் காலேஜே கட்டுச்சு. அவ்வளவு நாளும் முடியாதுன்னு சொன்னது, சீல் வச்ச ஒரு பேப்பர்ல முடிஞ்சுச்சு. அந்த ஆபீஸ் சார் மேல என்ன நடவடிக்கைன்னு கேட்டதுக்கு மட்டும் இன்னிக்கு வரைக்கும் பதில் இல்ல. பணம் அவரு எடுத்தாரா, நோட்டு தொலைஞ்சுதா, அதுவும் தெரியாது. ஆனா ரசீது இருந்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்.

சர்டிபிகேட் பிப்ரவரியில வந்துச்சு. அம்மா அஞ்சாவது வரைக்கும் படிச்சவங்க, கையக் கழுவிட்டு வந்து வாங்கி, தமிழ்ல இருக்கிற என் பேரை வெரல வச்சு ஒவ்வொரு எழுத்தா படிச்சாங்க. படிச்சுட்டு, "ஏம்மா, ழ இல்லயே"ன்னாங்க. அதே ல. அந்த நோட்டுல இருந்த அதே ல.

இப்ப திருத்தத்துக்குக் குடுத்திருக்கேன், ஒரிஜினலைத் திருப்பிக் குடுக்கணும், பத்தாவது மார்க் ஷீட் நகல் வைக்கணும், அதுக்குத் தனி பீஸ். இந்த தடவை செலான்ல கட்டி, ரசீதை மூணு ஜெராக்ஸ் எடுத்து வச்சிருக்கேன். ஒரிஜினல் காட்டினாத்தான் சேத்துக்குவோம்னு சொன்ன திருச்சி வேலை வேற ஒருத்தருக்குப் போயிருச்சு.

அதனால தங்கச்சிங்களா தம்பிங்களா, பணம் கட்டுறப்ப பத்தாவது மார்க் ஷீட்டைக் கையில வச்சுக்கிட்டு தமிழ்ப் பேரு, இங்கிலீஷ் பேரு, இனிஷியல் முன்னாடியா பின்னாடியா, எல்லாத்தையும் அவங்க எழுதினதோட ஒத்துப் பாருங்க, ல ள ழ, ந ன ண, ர ற இருக்கிற பேருன்னா ரெண்டு தடவை பாருங்க. கடைசித் தேதி முடிஞ்ச மறுநாளே லிஸ்ட்ல என் நம்பர் போச்சான்னு எழுதிக் கேளுங்க, நோட்டீஸ் போர்டுல வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. வாசல்ல எந்த அண்ணன் வந்து பேசினாலும் பணம் போட்டுராதீங்க. போட்டு ஏமாந்தவங்க இருந்தா உடனே 1930க்கு போன் பண்ணுங்க, ஆன்லைன்ல பணம் போனா கூப்புடுற நம்பர் அது, நான் வெக்கப்பட்டுக்கிட்டு ரெண்டு வாரம் கழிச்சு பண்ணேன், 3000 இன்னும் வரல. அம்மா குழுவுல அந்தத் தவணைய இன்னும் கட்டிக்கிட்டிருக்காங்க.

வர்ற திங்கக்கெழமை அந்த ஜூனியர்கூட நானும் ஆபீஸுக்குப் போறேன். அவகூட பணம் கட்டாம ஏழு பேரு இருக்காங்களாம், அவங்களும் வர்றாங்க. ரசீது புக்கை டேபிள் மேல வச்சதுக்கப்பறம்தான் பையிலேர்ந்து பணத்தை எடுக்கணும்னு சொல்லி வச்சிருக்கேன்.