கழுத்துத் தமனி அறுவை: கழுத்து மட்டும் மரத்தால் போதுமா, முழு மயக்கம் வேண்டுமா?

கால் மணி நேரம் வலக்கை தூக்க வராமல் பேச்சுக் குழறி, பின்பு தானாகவே தெளிந்துவிட்டவருக்கு மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் இடப்பக்கக் கழுத்துத் தமனியான கரோட்டிட் தமனியில் 70 முதல் 99 விழுக்காடு வரை அடைப்பு இருக்குமானால், இரண்டு வாரத்துக்குள் அதை வழித்தெடுப்பதே மிகுந்த பயன் தரும். எந்த மயக்கமுறையில் என்பதே அடுத்த கேள்வி.

3526 பேரை உட்படுத்தி இவ்விரு முறைகளையும் ஒப்பிட்டு 2008-இல் வெளியான காலா (GALA) ஆய்வில், 30 நாளுக்குள் பக்கவாதம், மாரடைப்பு, மரணம் ஆகியவற்றில் ஒன்றைச் சந்தித்தவர்கள் முழு மயக்கத்தில் 4.8 விழுக்காடு, மரப்பு ஊசியில் 4.5 விழுக்காடு, அதாவது, வெற்றி தோல்வி இல்லை.

வேறுபாடு மேசையின்மேல் தெரிகிறது. தமனியைக் கிளாம்ப் போட்டு அடைக்கும்போது, மறுபக்கத்திலிருந்து வரும் இரத்தம் போதாவிட்டால் மூளையின் அந்தப் பாதி தவிக்கும். விழித்திருக்கும் மதுரைக்காரரிடம் கோயிலிலிருந்து வெளியே வரும் வரிசையில் வீதிகளைக் கேட்டால், ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று சொல்லிக்கொண்டே வருவார். நடுவில் நா தடுமாறினாலோ எதிர்க்கை தளர்ந்தாலோ, உடனே ஷன்ட் எனும் தற்காலிக மாற்றுவழிக் குழாய் வைத்து இரத்தத்தைத் திருப்பிவிடலாம். முழு மயக்கத்தில் கருவிகளை நம்பியே முடிவெடுக்க வேண்டியிருப்பதால், அதே ஆய்வில் ஷன்ட் வைக்கப்பட்டோர் 43 விழுக்காடு. மரப்பு ஊசியில் 14 மட்டுமே. ஷன்ட்டும் தமனியின் உட்சுவரைக் கிழிக்கவோ துகளைக் கிளப்பவோ கூடும் என்பதால், இந்த இடைவெளி எனக்குப் பெரிதாகவே படுகிறது.

ஆனால் மரப்பு மருந்தே பக்கவாதம் போல வேடமிடும். குரல் கம்மலாம், அறுவை நடக்கும் பக்கத்தில் இமை இறங்கலாம், வாய் கோணலாம். மூளை தவித்தால் முகமும் கையும் தளர்வது எதிர்ப்பக்கத்தில். மரப்பு மருந்துகளான லிக்னோகெயினோ பூபிவகெயினோ தவறிச் சிறிதளவு தமனிக்குள் ஏறினால் உடனே வலிப்பு வரும். ஆழமான ஊசி, மூச்சை இயக்கும் உதரவிதான நரம்பையும் மரக்கச் செய்வதால், பீடியால் நுரையீரல் கெட்டவருக்கு மேலோட்டமான ஊசியே நல்லது. அசையாமல் படுக்க இயலாதவருக்கும் காது கேளாதவருக்கும் முழு மயக்கம் பொருந்தும்.

எனவே விழித்திருக்கும் முறையைத் தேர்ந்தால், ஊசி ஏறியபின், கிளாம்ப் போடுமுன், வீதிகளை ஒருமுறை சொல்லச் சொல்லி அந்தக் குரலைக் கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும்.