சின்ன கேன், அளவான போதை, நல்ல ருசி: நியூ இங்கிலாந்துக் கடைகளில் எது தேறும்?

பாஸ்டனுக்கு மேற்கே எந்தப் புறநகர் மதுக்கடைக்குப் போய் கிராஃப்ட் பீர், அதாவது சின்ன ஆலைகள் போடும் பீர், இருக்கும் குளிர்பெட்டி முன்னால் நின்றாலும் ஒரே காட்சிதான். 16 அவுன்ஸ், அதாவது 473 மில்லி பிடிக்கும் உயரமான கேன்கள், நாலு நாலாகப் பிளாஸ்டிக் மூடியில் கோத்து, மேலே கார்ட்டூன் படம், அடியில் பொடி எழுத்தில் ஆல்கஹால் சதவீதம் 7.8, 8.2 என்று ஏதோ ஒரு எண். வார நாள் ராத்திரி சாப்பாட்டோடு ஒரு பீர் குடித்துவிட்டு, மறுநாள் காலை மீட்டிங்கில் தெளிவாக உட்கார வேண்டிய ஆளுக்கு அந்த வரிசையில் ஒன்றும் சரிப்படாது. எனக்கு வேண்டியது 12 அவுன்ஸ் கேன், 355 மில்லி. ஆல்கஹால் 5 சதவீதத்தை ஒட்டி, முடிந்தால் அதற்கும் கீழே. ஆனால் தண்ணீர் மாதிரி இருக்கக் கூடாது. பட் லைட் குடிப்பதற்கு நான் மோரே குடித்துவிடுவேன்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பவர்களுக்குக் கணக்கு சொல்கிறேன், எளிமையான கணக்குதான். அமெரிக்காவில் ஒரு ‘ஸ்டாண்டர்ட் ட்ரிங்க்’ என்பது 14 கிராம் சுத்த ஆல்கஹால், அதாவது 5 சதவீத பீர் 12 அவுன்ஸ். 8 சதவீதத்தில் 16 அவுன்ஸ் கேன் ஒன்றை முடித்தால் அது இரண்டு ட்ரிங்குக்கு மேலே போய்விடுகிறது. கையில் இருப்பது ஒரே கேன்தானே என்று மனசு சொல்லும், உடம்புக்குத் தெரியும் அது இரண்டு என்று. பெட்ரோல் பங்க்குகளில் இப்போது 19.2 அவுன்ஸில் ஒரு பூதம் விற்கிறார்கள், நியூ பெல்ஜியம் ஆலையின் வூடூ ரேஞ்சர் இம்பீரியல் ஐபிஏ (கசப்பும் வாசமும் தரும் ஹாப்ஸ் பூ தூக்கலாக இருக்கும் பீர் வகை), 9 சதவீதம். அது ஒன்றே கிட்டத்தட்ட மூன்று ட்ரிங்க். அதையும் ‘சிங்கிள்’ என்றுதான் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

பெரிய கேன் மோகத்துக்கு வெர்மான்ட்தான் பெரிய காரணம். வாட்டர்பரியில் இருந்த தி ஆல்கமிஸ்ட் என்ற பப் 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் வெள்ளத்தில் போனது. அதே வாரத்தில், கேனில் பீர் அடைக்கும் அவர்களுடைய புது ஆலையிலிருந்து ஹெடி டாப்பர் என்ற ஐபிஏ வெளியே வந்தது. 8 சதவீதம், 16 அவுன்ஸ், கேனிலிருந்தே குடி என்று கேன் மேலேயே கொட்டை எழுத்தில் கட்டளை. அதற்காக ஜனங்கள் மாநிலம் தாண்டி வந்து வரிசையில் நின்றார்கள். அப்புறம் கலங்கலான ஐபிஏ போடும் ஆலைகளெல்லாம் அதே உயரக் கேன், அதே நாலு பேக் என்று அச்சு வார்த்துக்கொண்டன. பீர் நல்ல பீர்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த அச்சு அலமாரி முழுக்கப் பரவியதில், அளவோடு குடிக்க நினைப்பவனுக்கு இடம் கீழ்த்தட்டில் போய்விட்டது. குனிந்து பாருங்கள், பன்னிரண்டு கேன் அட்டைப்பெட்டிகள் அங்கேதான் இருக்கும்.

சரி, கீழ்த்தட்டில் என்னதான் இருக்கிறது?

என் முதல் ஓட்டு ஆலகாஷ் வைட்டுக்கு. மெய்ன் மாநிலம் போர்ட்லேண்டில் 1995இலிருந்து போடுகிறார்கள். பெல்ஜியம் பாணி கோதுமை பீர், 5.2 சதவீதம். இதில் போடுவது கொத்தமல்லி விதையும் குராசோ ஆரஞ்சுத் தோலும். கொத்தமல்லி விதை என்றதும் சாம்பார்ப் பொடி வாசம் வரும் என்று பயப்பட வேண்டாம், வறுக்காத விதை எலுமிச்சை ஜாடையில்தான் மணக்கும். ஒரு விஷயம், இதைக் கேனோடு குடித்தால் பாதி ருசி போச்சு. கண்ணாடி டம்ளரில் முக்கால்வாசி ஊற்றிவிட்டு, மிச்சத்தைக் கேனோடு லேசாகச் சுழற்றி, அடியில் தங்கிய ஈஸ்டையும் சேர்த்து ஊற்ற வேண்டும். அப்போது பீர் வெளிறிய மஞ்சளில் புகை மூட்டம் போல ஆகும், நுரை வெள்ளையாக நின்று மெதுவாக இறங்கும், முதல் வாயில் ஆரஞ்சுத் தோல், விழுங்கினபின் மெல்லிய மசாலா, கடைசியில் வறண்ட முடிவு. கசப்பு கிட்டத்தட்ட இல்லை. மிளகுக் கோழி வறுவலுக்கு இதைவிடப் பொருத்தமான பீர் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

இங்கே காரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் வீட்டுச் சாப்பாட்டோடு கசப்பு தூக்கலான ஐபிஏ வைத்துக்கொள்வது என்னைக் கேட்டால் தப்பான ஜோடி. கசப்பும் மிளகாயும் ஒன்றையொன்று தூண்டிவிடும், ஆல்கஹால் அதிகமானால் எரிச்சலும் ஏறும். அந்த எரிச்சலையே விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பாடு. கோதுமை பீர், புளிப்பு பீர், லாகர் (குளிரில் மெதுவாகப் புளிக்கவைக்கும் பீர்), இந்த மூன்றும்தான் காரத்தோடு சண்டை போடாமல் உட்காரும். நல்ல வேளையாக, ஆல்கஹாலைக் குறைத்தாலும் ருசி குறையாமல் நிற்பதும் இந்த மூன்று வகைதான்.

புளிப்பு என்றால் டாக்ஃபிஷ் ஹெட்டின் சீக்வென்ச் ஏல். டெலவேர் மாநிலத்து மில்டனில் இருக்கிறது ஆலை, 4.9 சதவீதம், 12 அவுன்ஸ். கோல்ஷ், கோஸ, பெர்லினர் வைஸ என்ற மூன்று ஜெர்மன் பாணிகளை ஒன்றாகக் கலந்து, எலுமிச்சைச் சாறு, தோல், காயவைத்த கருப்பு எலுமிச்சை, கடல் உப்பு எல்லாம் போட்டிருக்கிறார்கள். படிக்கும்போது கிறுக்குத்தனமாக இருக்கும். குடித்தால் நம் ஊர்ப் பெட்டிக்கடையில் உப்புப் போட்டுக் கொடுக்கும் லெமன் சோடா வளர்ந்து பெரிய ஆளாகி வந்த மாதிரி இருக்கும். மீன் வறுவலுக்கு எலுமிச்சை பிழிய வேண்டிய வேலை மிச்சம். ஜூலை புழுக்கத்தில் பின்கட்டில் உட்கார்ந்து குடிக்க அருமை. ஆனால் ஒன்று போதும், இரண்டாவதில் புளிப்பு பல்லைக் கூச வைக்கிறது. குளிர்காலத்தில் இதைத் தொடவே தோன்றாது.

லாகரில் வான் டிராப் ஹெல்லஸ், 4.9 சதவீதம். ஆஸ்திரியாவிலிருந்து வந்து வெர்மான்ட் ஸ்டோவில் குடியேறிய, ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ படத்தில் வரும் அந்தப் பாடகர் குடும்பத்தின் ஆலைதான் இது, 2010இல் ஆரம்பித்தது. பார்க்க வெறும் மஞ்சள் லாகர். சூப்பர்மார்க்கெட் லாகரையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிக் குடித்துப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும். இதில் தானியத்தின் இனிப்பு இருக்கிறது, புது ரொட்டியின் மேல்தோல் வாசம், முடிவில் துளியூண்டு மூலிகைக் கசப்பு. இதை வாங்கிக் கொடுத்து ‘இது கிராஃப்டா?’ என்று கேட்ட நண்பர்களும் உண்டு. பழ வாசனை மூக்கைத் துளைத்தால்தான் கிராஃப்ட் என்று பழகிவிட்டோம், அவ்வளவுதான்.

இனி கஷ்டமான பகுதி, ஐபிஏ. இதில்தான் குறைந்த ஆல்கஹால் கேன்கள் அதிகம் கவிழ்கின்றன. காரணம் இருக்கிறது. ஆல்கஹால் வெறும் போதைக்கு மட்டும் இல்லை, நாக்கில் ஒரு கனமும் லேசான இனிப்பும் அதனால்தான் வருகிறது, ஹாப்ஸின் கசப்பைத் தாங்கிப் பிடிப்பதும் அதுதான். அதைக் குறைத்துவிட்டு ஹாப்ஸை மட்டும் அப்படியே விட்டால் ஆறிப்போன கடுந்தேநீர் மிஞ்சும். விஷயம் தெரிந்த ஆலைகள் மால்ட்டை, அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியை, ஊறவைக்கும் வெப்பத்தைச் சற்று ஏற்றுவார்கள். ஈஸ்ட் தின்ன முடியாத சர்க்கரைகள் அதில் அதிகம் தங்கும், கனம் அங்கிருந்து வரும். ஓட்ஸ், கோதுமை சேர்ப்பார்கள். ஹாப்ஸில் பெரும்பகுதியைக் கொதிக்கவிடாமல் கடைசியில் போடுவார்கள், கசப்பு இறங்காமல் வாசம் மட்டும் இறங்கட்டும் என்று.

ஃபவுண்டர்ஸ் ஆல் டே ஐபிஏ இந்த வகைக்குப் பழைய புள்ளி. மிஷிகன் கிராண்ட் ராபிட்ஸ்காரர்கள், 4.7 சதவீதம், 15 கேன் பெட்டி. 2019இலிருந்து பெரும்பங்கு ஸ்பெயினின் மாவூ சான் மிகேல் என்ற பெரிய பீர் நிறுவனத்தின் கையில், அதனால் இதைக் கிராஃப்ட் என்றே சொல்லக் கூடாது என்று சண்டைக்கு வருபவர்கள் வரலாம். நான் நாக்கை மட்டும் கேட்கிறேன். புதிதாக இருந்தால் கிரேப்ஃப்ரூட் தோல், கொஞ்சம் பைன், அடியில் பிஸ்கட் மாதிரி மால்ட் என்று ஒழுங்கான பீர். மெலிவு தெரியும், ஆனால் நொண்டாது. கேன் கணக்கில் விலை பார்த்தால் இந்த வரிசையில் இதுதான் மலிவு. கூட்டத்துக்கு வாங்க இது போதும்.

எனக்கு அதைவிடப் பிடித்தது லாசன்ஸ் ஃபைனஸ்ட் லிக்விட்ஸின் சூப்பர் செஷன், 4.8 சதவீதம், வெர்மான்ட் வெயிட்ஸ்ஃபீல்டிலிருந்து. இவர்களுடைய சிப் ஆஃப் சன்ஷைன் 8 சதவீதம், 16 அவுன்ஸ், ஊரே அதைத் தேடி ஓடும். சூப்பர் செஷனோ அதே கடையில் 12 அவுன்ஸ் கேனில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். ஹாப்ஸை மாற்றி மாற்றி எண் போட்டு விடுகிறார்கள், எல்லா எண்ணும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். நல்ல எண் கிடைத்துவிட்டால் மாம்பழமும் ஆரஞ்சும் கலந்த வாசம் திறந்த உடனே மேலே வரும், வாயிலும் அதே அளவு நிற்கும். 4.8 என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

பெல்ஸ் ஆலையின் லைட் ஹார்ட்டட் ஐபிஏ 3.7 சதவீதம்தான், 110 கலோரி. 7 சதவீத டூ ஹார்ட்டடின் தம்பி என்று சொல்லி விற்கிறார்கள். தம்பிக்கு அண்ணன் சட்டை தொளதொள என்றிருக்கிறது. வாசம் பிரமாதம், விழுங்கின பிறகு ஒன்றும் இல்லை. ஓடிவிட்டு வந்து தாகத்துக்குக் குடிக்கலாம், சாப்பாட்டோடு வைத்தால் காணாமல் போய்விடும். இங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கவும் கிடைக்காது.

இப்போது இதற்கெல்லாம் மேலான விஷயம், தேதி. குறைந்த ஆல்கஹால் ஐபிஏ எதை வாங்கினாலும் கேனைத் தலைகீழாகத் திருப்பி அடியில் அச்சடித்திருப்பதைப் படிக்காமல் காசு கொடுக்காதீர்கள். சிலர் அடைத்த தேதி போடுவார்கள், சிலர் எதற்குள் குடிக்க வேண்டும் என்ற தேதி போடுவார்கள், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஹாப்ஸ் வாசம்தான் முதலில் செத்துப்போகும். 8 சதவீத பீரில் அது போனாலும் இனிப்பும் கனமும் சமாளித்துவிடும், 4.7இல் சமாளிக்க ஒன்றுமே இருக்காது. நான் வழக்கமாகப் போகும் கடை ஒன்றில் ஆறு கேனை நாமே பொறுக்கிக்கொள்ளும் வசதி உண்டு. ருசி பார்க்க அருமையான ஏற்பாடு என்று பேர். ஆனால் அந்த அலமாரி குளிர்பெட்டிக்கு வெளியே, ஜன்னலை ஒட்டி, வெயில் விழும் இடத்தில். அங்கே ஒரு செஷன் ஐபிஏவை, அதாவது ஆல்கஹால் குறைந்த ஐபிஏவை, திருப்பிப் பார்த்தால் அடைத்து எட்டு மாதம். கல்லாவில் இருந்தவரிடம் காட்டினேன், ‘பீர் கெட்டுப்போகாது சார்’ என்றார். கெட்டுப்போகாது, வாஸ்தவம், யாருக்கும் வயிற்றைக் கலக்காது. ருசிதான் இருக்காது. அன்றிலிருந்து அந்தக் கடையில் லாகர் மட்டும், அதுவும் குளிர்பெட்டிக்குள் இருந்தால்.

இன்னொரு எரிச்சல், ஆல்கஹால் அளவு. சாதாரண பீருக்கு அதைக் கேன் மேல் அச்சடித்தே ஆக வேண்டும் என்று அமெரிக்க மத்திய விதியில் கட்டாயம் இல்லை, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கிராஃப்ட் ஆலைகள் பெரும்பாலும் போடுகின்றன, ஆனால் எங்கே போடுகின்றன என்பதுதான் விளையாட்டு. ஓரத்து மடிப்பில், வெளிர் நிறத்தின் மேல் வெள்ளை எழுத்தில். செல்போன் வெளிச்சம் அடித்துப் படித்திருக்கிறேன்.

சின்ன கேனுக்கு இன்னொரு நல்ல குணம், கடைசி வாய்வரை குளிர்ச்சியாக இருக்கும். நான் மெதுவாகக் குடிக்கிற ஆள். 16 அவுன்ஸில் கடைசி மூன்றில் ஒரு பங்கு வெதுவெதுப்பாகி, குழாயடிக்குத்தான் போகும். விலையும் இந்தப் பக்கம்தான் சாயும், நாலு உயரக் கேன் விலையில் கொஞ்சம் கூடப் போட்டால் பன்னிரண்டு சின்ன கேன் வந்துவிடும். மாசசூசெட்ஸில் கேனுக்கு 5 சென்ட் டெபாசிட் தனி, காலிகளைத் திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், எத்தனை பேர் கொடுக்கிறோம் என்பது வேறு கதை.

கருப்பு பீர் பிரியர்களுக்குத்தான் என்னிடம் நல்ல பதில் இல்லை. 5 சதவீதத்துக்குக் கீழே, 12 அவுன்ஸ் கேனில், உருப்படியான உள்ளூர் ஸ்டவுட்டோ போர்ட்டரோ இங்கே அலமாரியில் கண்ணில் படுவது அபூர்வம். குளிர்காலம் வந்தால் வருவதெல்லாம் சாக்லேட், மேப்பிள், காபி போட்ட 10 சதவீத ராட்சதர்கள். அதுவரைக்கும் கின்னஸ் டிராஃட்தான், 4.2 சதவீதம், 14.9 அவுன்ஸ், உள்ளே உருளும் நைட்ரஜன் பந்தோடு. கிராஃப்ட் இல்லை, சின்ன கேனும் இல்லை. இருந்தாலும் ஜனவரியில் என் ஃபிரிட்ஜில் அதுதான் இருக்கும். உங்கள் பக்கம் வேறு ஏதாவது கண்ணில் பட்டால் பெயரைச் சொல்லுங்கள், தேதியையும் சேர்த்து.