கும்பகோணத்து டிராமா டிரஸ் கடை: ஒரு துணை நடிகனின் அனுபவத்திலிருந்து

கும்பகோணம் மகாமகக் குளத்துக்கு மேற்கே பிரியும் சந்து ஒன்றில், பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் இந்த வாடகைக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. 'டிராமா டிரஸ் கடை' என்று கேட்டால் கீழே உள்ளவர்களே படிக்கட்டைக் காட்டிவிடுவார்கள். பள்ளி ஆண்டு விழாவுக்காகப் பாரதியார் தலைப்பாகையும் ஔவையார் வெள்ளைப் புடவையும் தேடி வரும் பெற்றோர்கள்தான் இங்கே பெரும்பான்மை வாடிக்கையாளர்கள். நான் வேறு வகை. பதினெட்டு ஆண்டுகளாகத் தொலைக்காட்சித் தொடர்களிலும் சின்ன பட்ஜெட் படங்களிலும் அப்பாவாக, சித்தப்பாவாக, பஞ்சாயத்துத் தலைவராக, குருக்களாக, வட்டிக்காரராக வந்து போகிறவன். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தக் கடை எப்படிப் பயன்படும் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

தொடர்களில் கதாநாயகிக்கு உடை எடுத்துக் கொடுக்கத் தனி ஆள் இருப்பார். எங்களைப் போன்றவர்களுக்கு முதல் நாள் மாலை போன் வரும்: "சார், நாளைக்கு நாலு செட் எடுத்துட்டு வந்துடுங்க." எந்தக் காட்சி, சாவா கல்யாணமா என்று சொல்ல உதவி இயக்குநருக்கே தெரிந்திருக்காது. ஆகவே இரவு உழவன் எக்ஸ்பிரஸில் எழும்பூருக்கு ஏறும்போது என் பையில் இரண்டு அரைக்கைச் சட்டை, ஒரு முழுக்கைச் சட்டை, ஒரு ஜிப்பா, கரை வேட்டி இரண்டு, துண்டு, பழைய பனியன் எல்லாம் இருக்கும். நடிப்பு எவ்வளவு வரும் என்பது எனக்கே சந்தேகம்தான். ஆனால் பை சரியாக இருக்கிற நடிகனைத் திரும்பக் கூப்பிடுகிறார்கள் என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

இந்தக் கடையின் முதல் சிறப்பு, கன்டினியூட்டி என்றால் என்னவென்று அங்கே விளக்க வேண்டியதில்லை. கதையில் ஒரே சாயங்காலமாக நடக்கும் நிச்சயதார்த்தத்தை மூன்று வாரத்தில் ஐந்து நாள்களாகப் பிரித்து எடுப்பார்கள். ஐந்து நாளும் அதே சட்டையில், அதே நிறத்தில், அதே சுருக்கத்தோடு நான் நிற்க வேண்டும். சட்டையைத் துவைத்துக் காயப்போட நேரம் இருக்காது என்பதால், கடைக்காரர் ஒரே துணியில் தைத்த இரண்டு சட்டைகளை ஜோடியாகவே கொடுக்கிறார். கூடவே நீளமான கணக்கு நோட்டு ஒன்றும் வைத்திருக்கிறார். நடிகரின் பெயர், தொடரின் பெயர், எந்த வீட்டுக் காட்சி, மேல் பொத்தான் போட்டதா போடாததா, துண்டு எந்தத் தோளில் என்பது வரைக்கும் அதில் எழுதிக்கொள்கிறார். காட்சி முடிந்துவிட்டது என்று நாம் சொல்லும்வரை அந்த ஜோடியை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. ஒரு முறை படப்பிடிப்பில் துண்டு இடது தோளிலா வலது தோளிலா என்ற தகராறு வந்தபோது, நான் இந்தக் கடைக்குப் போன் போட்டுக் கேட்டுத்தான் தீர்த்தேன். கம்பெனியின் கன்டினியூட்டிப் புகைப்படம் எந்த உதவி இயக்குநரின் செல்போனில் இருந்ததோ, அவர் அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தார்.

இரண்டாவது, துணியைக் கேமராவின் கண்ணால் பார்க்கத் தெரிந்தவர் அவர். சலவை வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு வெளிச்சத்தில் நின்றால் வேட்டி மட்டும் பளீரென்று எரிந்து முகம் கறுத்துப் போகும் என்பதால், இங்குள்ள வேட்டிகள் அனைத்தும் தேயிலைத் தண்ணீரில் ஒருமுறை முக்கி எடுக்கப்பட்டவை. நேரில் பார்க்க அழுக்காகத் தெரியும், திரையில் அதுதான் வெள்ளை. நெருக்கமான கோடு போட்ட சட்டைகளைத் தொடருக்கென்றால் தரமாட்டார், திரையில் அவை நெளியும். நேரடி ஒலிப்பதிவு என்று சொன்னால் கஞ்சி போடாத துணியாகத் தேடி எடுக்கிறார். சட்டைக்குள் மைக் குத்தியிருக்கும்போது கஞ்சி போட்ட துணி எழுப்பும் சரசரப்பு வசனத்தைத் தின்றுவிடும் என்பதை நான் ஒரு படத்தில் திட்டு வாங்கித்தான் கற்றுக்கொண்டேன்.

ஆனால் என்னை இந்தக் கடையோடு கட்டிப்போட்டது உள்ளறையில் இருக்கும் ஒரு மரப்பெட்டி. அதில் உண்மையிலேயே வயலில் இறங்கிய வேட்டிகள் இருக்கின்றன. சுற்றுவட்டக் கிராமங்களில் நடவுக்கும், வரப்போரம் செதுக்கும் அண்டை வெட்டுக்கும் போகிறவர்களிடம் புது வேட்டியைக் கொடுத்து, அவர்கள் கட்டிப் பழசானதை வாங்கி வந்து வைத்திருக்கிறார். காவிரி வண்டல் முழங்கால் உயரம் வரை ஏறி, பல முறை துவைத்தும் போகாமல் தங்கிய அந்தப் பழுப்பை எந்தச் சாயமும் தராது. சென்னையில் விவசாயி வேடத்துக்குக் கொடுக்கும் வேட்டியில் காப்பித்தூளைத் தெளித்திருப்பார்கள். டெல்டாக்காரன் கண்ணுக்கு அது உடனே தெரிந்துவிடும். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக நாடகத் துறையில் பேராசிரியராக இருந்த மு. ராமசாமி, 2019-இல் வந்த 'கே.டி. (எ) கருப்புதுரை' படத்தில் கிராமத்துப் பெரியவராகவே இருந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: துணி உடம்போடு சேர்ந்துவிட்டால் நடிகன் பாதி வேலையைச் செய்தால் போதும். அவர் செய்தது முழு வேலை என்பது வேறு விஷயம்.

குருக்கள், பட்டாச்சாரியார் வேடங்களுக்குப் போகிறவர்கள் கடைக்காரரிடம் ஐந்து நிமிடம் கூடுதலாக உட்கார்ந்து பேசுவது நல்லது. பஞ்சகச்சம் கட்டிக் காட்டுவார். வடகலை நாமத்துக்கும் தென்கலை நாமத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் நான் ஒரு முறை ஒப்பனைக்காரர் போட்டதையே போட்டுக்கொண்டு நடித்துவிட்டு வந்தேன். ஒளிபரப்பான மறுநாள், "தம்பி, காலையில ஒரு நாமம், சாயங்காலம் ஒரு நாமம் போட்டிருந்தீங்க, ஒரே வீட்டுல" என்றார் கடைக்காரர். கும்பகோணத்தில் இதை மன்னிக்க மாட்டார்கள்.

குறைகளும் சொல்லியாக வேண்டும். ஒட்டு மீசையை இங்கே எடுக்காதீர்கள். வலை மீசைகள் பழையவை, கூடவே கொடுக்கும் பசையும் பழையது. தரங்கம்பாடிக் கடற்கரையில் ஒரு சின்ன படத்துக்காக நான் ஊர்ப் பெரியவராக நின்று மகனைச் சபிக்கும் குளோசப்பில், வியர்வையும் கடற்காற்றும் சேர்ந்து மீசையின் இடது பாதியைத் தூக்கிவிட்டன. அந்த ஷாட்டை முதுகுப் பக்கமிருந்து எடுத்து முடித்தார்கள். படத்தில் எனக்கு இருந்த ஒரே குளோசப் அதுதான். கடைக்காரர் மீசை வாடகையை வாங்கவில்லை. ஆனால் இன்றுவரை மீசையையும் மாற்றவில்லை. தவிர, ஜனவரியிலும் பிப்ரவரியிலும் ஆண்டு விழாக் கூட்டத்தில் படியேறவே முடியாது, 42-க்கு மேற்பட்ட அளவில் சட்டை அநேகமாக இல்லை, எல்லாத் துணியிலும் அந்துருண்டை வாசனை. முன்பணத்துக்கு ரசீதும் கிடையாது, நோட்டில் எழுதுவதுதான் கணக்கு. புதிதாகப் போகிறவர்கள் தங்கள் எதிரிலேயே எழுதச் சொல்வது நல்லது.

நான் கொடுக்கும் வாடகை: சட்டை நாளொன்றுக்கு 60 ரூபாய், வேட்டியும் துண்டும் சேர்த்து 80, ஜிப்பா 100. நீண்ட தொடர் என்றால் ஒரு ஜோடிச் சட்டைக்கு மாதம் 900. முன்பணம் 1,000. எனக்குச் சம்பளம் மூன்று மாதம் கழித்துத்தான் வரும் என்பதால் அதுவரை கணக்கில் வைத்துக்கொள்கிறார். 2020 மார்ச்சில் படப்பிடிப்புகள் நின்று, பாதிக் காட்சியோடு என் வீட்டுக் கொடியில் தொங்கிய இரண்டு ஜோடிகளுக்கு அந்த மாதங்களின் வாடகையை அவர் கேட்கவே இல்லை.

சென்ற வாரம், ஒன்றரை ஆண்டாக என்னிடம் இருந்த ஒரு ஜோடியைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். நோட்டில் என் பக்கத்தைத் திருப்பி, பேனாவைக் கையில் எடுத்தவர், அந்தக் கணக்கை அடிப்பதற்கு முன் கேட்டார்: "செத்துட்டாரா, வெளியூர் போயிருக்காரா?" தொடரில் என் பாத்திரத்தை முடித்த விதத்தைத்தான் கேட்கிறார். செத்திருந்தால் சட்டை பொது வாடகைக்குப் போய்விடும். எனக்கும் சுவரில் மாலை போட்ட படமாகத் தொங்குவதைத் தவிர வேலை இருக்காது, அதற்குச் சம்பளமும் கிடையாது. காசிக்குப் போயிருக்கிறார் என்று மருமகள் ஒரு வரி வசனத்தில் சொல்லிவிட்டதாகச் சொன்னேன்.

"அப்ப திரும்பி வந்தாலும் வருவாரு" என்று பேனாவை மூடிவிட்டு, இரண்டு சட்டைகளையும் மடித்து மேல்தட்டில் வைத்தார்.