முட்டி ஆபரேஷன் ஆனவர்களுக்கு "வீட்டுக்கே பிசியோ" பேக்கேஜ்: 38,500 ரூபாய் போச்சு, தயவுசெய்து படியுங்கள்

நேற்று சாயங்காலம் அவர்களிடமிருந்து வந்த மெசேஜைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவே இல்லை. ராத்திரி தூக்கம் இல்லை. 38,500 ரூபாய். என் அம்மாவின் முட்டிக்காகக் கட்டிய பணம். பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று அவர்களே முன்கூட்டி மிரட்டியாச்சு, அதனால் பெயர் வேண்டாம். போனில் புக் பண்ணினால் பிசியோதெரபிஸ்ட்டை வீட்டுக்கு அனுப்புகிற ஒரு ஆப், அவ்வளவுதான் சொல்வேன். வீட்டில் யாருக்காவது முட்டி மாற்று ஆபரேஷன் ஆகியிருந்தால் முழுசாகப் படியுங்கள், பணம் கட்டுமுன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

எங்களுக்குச் சென்னிமலைப் பக்கம். அம்மாவுக்கு 66 வயது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து குழித்தறியில் உட்கார்ந்து போர்வை நெய்தவர். தறியை மிதித்து மிதித்தே இரண்டு முட்டியும் தேய்ந்துபோச்சு. இடது கால் வளையவே ஆரம்பித்த பிறகுதான் ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டார். ஈரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் செய்தோம், இன்றோடு 12 வாரம் ஆகிறது. அந்த ஆஸ்பத்திரி மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. நான் பெருந்துறையில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள், பில்லைப் பார்க்காமல் ஒரு ரூபாய் தரமாட்டேன். செயற்கை மூட்டுக்கு 2017 ஆகஸ்ட்டில் மத்திய அரசு உச்ச விலை வைத்தது, சாதாரண கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு அன்றைக்கு 54,720 ரூபாய், ஜிஎஸ்டி தனி, இதையெல்லாம் தேடிப் படித்து, கேஸ் ஷீட்டில் ஒட்டியிருந்த மூட்டு ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கிப் பார்த்துத்தான் பணம் கட்டினேன். ஏன் சொல்கிறேன் என்றால், நான் விவரம் தெரியாமல் ஏமாறவில்லை. பயத்தில் ஏமாந்தேன்.

பயம் எப்படி வந்தது என்றால், எல்லாரும் சொன்னது ஒன்று, வீட்டில் நடந்தது ஒன்று. "ஒரு மாசத்துல ஓடுவாங்க பாருங்க" என்று வந்தவர் போனவர் எல்லாம் சொன்னார்கள். ஐந்தாவது வாரத்தில் அம்மா வாக்கரைப் பிடித்துப் பாத்ரூம் வரை போய் வந்தாலே கண்ணில் தண்ணீர். முட்டி வீங்கித்தான் இருந்தது, தொட்டால் சூடு. ராத்திரி இரண்டு மணிக்கு "கண்ணு, உள்ள யாரோ முறுக்கற மாதிரி இருக்குது" என்பார். தையல் போட்ட இடத்துக்கு வெளிப்பக்கமாக ஒரு கையகலத்துக்கு உணர்ச்சியே இல்லை, கிள்ளினாலும் தெரியவில்லை. நடக்கும்போது உள்ளே டக் டக் என்று சத்தம் வேறு. ஈரோடு போய் பிசியோ பார்த்து வர அரை நாள் ஆகும், காரில் காலை மடக்கி உட்காரவே அவரால் முடியவில்லை. ராத்திரியெல்லாம் போனில் இதையே தேடிக்கொண்டிருந்தேன். தேடத் தேட இந்த ஆப்பின் விளம்பரம் வந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் நம்பரைக் கொடுத்தேன். காலை ஏழரைக்குப் போன் வந்துவிட்டது.

பேசிய பெண் முதல் வார்த்தையே "அக்கா" என்றாள். "எங்கம்மாவுக்கும் இதே ஆபரேஷன்தாங்க அக்கா, நாங்க பட்ட கஷ்டம் யாருக்கும் வரக்கூடாது" என்றாள். இருபது நிமிஷம் பொறுமையாகக் கேட்டாள். எங்கள் சொந்தக்காரர்கள்கூட அவ்வளவு நேரம் கேட்கவில்லை. முட்டியை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாள். கால் மணி நேரத்தில் "சீனியர் டாக்டர் பார்த்துட்டார், முட்டி இறுக ஆரம்பிச்சிருக்கு, மரத்த இடத்துல நரம்பு வீக் ஆயிருக்கு, இந்த வாரம் விட்டா மறுபடி மயக்க மருந்து கொடுத்து மடக்க வேண்டியிருக்கும்" என்றாள். இதில் பாதி உண்மை, அதுதான் கொடுமை. முட்டி மடங்காமலே போனால் முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள் மயக்கம் கொடுத்து மடக்கிவிடுவது உண்டு என்று நானே படித்திருந்தேன். அதனால் அவள் சொன்னது அப்படியே நெஞ்சில் ஏறியது.

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அம்மா பக்கத்தில் கட்டிலில் இருந்தார். "அம்மா, நல்லானதும் எங்க போகணும்னு ஆசை?" என்று கேட்டாள். அம்மா சொன்னார், சென்னிமலை படி ஏறணும் என்று. 1320 படி. பஸ்ஸில் மலைக்குப் போகலாம்தான், ஆனால் அம்மாவுக்குப் படி ஏறிப் போனால்தான் முருகனைப் பார்த்த மாதிரி, நாலு வருஷமாக ஏறவில்லை. "மூணு மாசத்துல நான் ஏத்தி விடறேன் அம்மா, என்னை உங்க பொண்ணா நினைச்சுக்கங்க" என்றாள். அம்மா சிரித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த நிமிஷத்தில் நான் கணக்கு எழுதுகிறவள் என்பதே மறந்துபோச்சு. முப்பது தடவை வீட்டுக்கு வருவது, மெஷின் வாடகையோடு 52,000, இன்றைக்கே கட்டினால் 38,500. கட்டிவிட்டேன். பணம் போன யூபிஐ-யில் கம்பெனி பெயர் இல்லை, யாரோ ஒரு ஆளின் பெயர் வந்தது. கேட்டேன். "அது எங்க அக்கவுன்ட்ஸ் மேனேஜர்ங்க அக்கா" என்றாள். சரி என்றேன்.

வந்தது ஒரு இருபது இருபத்திரண்டு வயசுப் பையன். கறுப்புப் பை, அதில் ஒரு சின்ன மெஷின், ஒரு ஹாட் பேக். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்க்கவில்லை, ஆஸ்பத்திரியில் கொடுத்த உடற்பயிற்சித் தாளைக் காட்டினால் "இதெல்லாம் பழசுங்க" என்று ஓரமாக வைத்தான். முட்டி எவ்வளவு மடங்குகிறது என்று கண்ணாலேயே பார்த்து ஒரு தாளில் 90 டிகிரி என்று எழுதினான். மூன்றாம் நாள் அதே தாளில் 105. அளக்கவே இல்லை, எப்படி 105? போகும்போது முட்டிக்கு அடியில் தலையணை வைத்துவிட்டுப் போவான், "அம்மாவுக்கு சுகமா இருக்கும்" என்று.

நாலாவது தடவை வந்தபோது நான் வேலைக்குப் போயிருந்தேன். ஹாட் பேக்கை முட்டி மேல் கட்டிவிட்டு வெளியே போய் போன் பேசிக்கொண்டிருந்திருக்கிறான். அம்மாவுக்கு அந்த இடம்தான் மரத்துப் போயிருக்கிறதே, சூடு எப்படித் தெரியும்? சாயங்காலம் நான் வந்து சேலையை விலக்கிப் பார்த்தால் தழும்புக்குப் பக்கத்தில் இரண்டு ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம், சுற்றிலும் செக்கச்செவேல் என்று. "ஏம்மா சொல்லலை?" என்றால், "எனக்கு ஒண்ணும் தெரியலையே கண்ணு" என்கிறார். அந்தக் கொப்புளத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

மறுநாளே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் ஓடினோம். அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். உள்ளே உலோக மூட்டு இருக்கும்போது மேல்தோலில் புண் வந்து சீழ் பிடித்தால், கிருமி உள்ளே இறங்கிவிட்டால், போட்ட மூட்டையே எடுக்க வேண்டி வரும் என்றார். நல்லவேளை, மருந்து போட்டு பத்து நாளில் ஆறிவிட்டது. அன்றைக்குத்தான் நிதானமாக எல்லாம் விளக்கினார். வீக்கமும் சூடும் மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம்கூட இருக்கும், முழுசாகத் தேற ஒரு வருஷம் ஆகலாம். பத்தில் ஒன்றிரண்டு பேருக்கு அதற்குப் பிறகும் கொஞ்சம் வலி இருக்கத்தான் செய்யும். மரத்துப் போனது நரம்பு "வீக்" ஆனதால் இல்லை, முட்டியைத் திறக்கும்போது தோலுக்குப் போகும் ஒரு சின்ன நரம்புக் கிளை அறுபடும், அதனால்தான், மெஷின் வைத்தெல்லாம் அது திரும்பாது. டக் டக் சத்தம் உலோகமும் பிளாஸ்டிக்கும் தட்டுவது, வலி இல்லாமல் வந்தால் பயமில்லை. அந்தத் தலையணையைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். முட்டிக்கு அடியில் தலையணை வைத்தே படுத்திருந்தால் கால் நேராக நீளாமல் அப்படியே இறுகிவிடுமாம். கருவி வைத்து அளந்தார். 105 எல்லாம் இல்லை, 82. அதோடு கால் முழுசாக நீளவும் இல்லை. 38,500 ரூபாய் கொடுத்து இருந்ததையும் கெடுத்திருக்கிறோம்.

அதற்குப் பிறகு பணத்தைத் திருப்பிக் கேட்ட கதை. "அக்கா" என்று பேசிய பெண்ணின் நம்பர் போகவே இல்லை. கஸ்டமர் கேரில் "மேடம், டிக்கெட் போட்டிருக்கோம், 48 மணி நேரத்துல கூப்பிடுவாங்க" என்றார்கள். கூப்பிடவில்லை. மறுபடி அடித்தால் அந்த டிக்கெட் முடிந்துவிட்டதாகக் காட்டுகிறது, புதுசாக இன்னொன்று. இப்படி ஆறு டிக்கெட். கொப்புளத்தின் போட்டோ அனுப்பினேன். "உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்" என்று வந்தது. டாக்டர் எழுதிய சீட்டை அனுப்பினேன். அதே வரி, ஒரு எழுத்து மாறாமல். ஒருவர் "பேஷன்ட் ஒத்துழைக்கலைன்னு எங்க தெரபிஸ்ட் ரிப்போர்ட் கொடுத்திருக்கார்" என்றார். என் அம்மாவா ஒத்துழைக்கவில்லை? அந்தப் பையன் வருவான் என்று காலையிலேயே குளித்துப் பொட்டு வைத்து உட்கார்ந்திருப்பார், கையோடு காபி கொடுக்கச் சொல்வார். அவன் படித்த சர்டிபிகேட்டைக் கேட்டேன். "அது கம்பெனி ரகசியம்" என்றார்கள். பிறகு உங்கள் ஏரியாவில் இப்போது ஆள் இல்லை என்றார்கள். அப்புறம் நிபந்தனையில் ரீஃபண்ட் கிடையாது என்று இருக்கிறதாம், நீங்கள் ஓகே கொடுத்திருக்கிறீர்கள் என்றார்கள். நாலு தடவை வந்ததற்குப் பிடித்துக்கொண்டு மீதி 26 தடவைக்காவது கொடுங்கள் என்று கெஞ்சினேன்.

நேற்று வந்த மெசேஜ் இதுதான்: பணமாகத் தர முடியாது, 10,000 ரூபாய் உங்கள் வாலட்டில் போடுகிறோம், 90 நாளுக்குள், அம்மாவுக்கு வலது முட்டி ஆபரேஷன் செய்தால் உபயோகித்துக்கொள்ளலாம். படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எங்களிடம் 38,500 வாங்கிக்கொண்டு, அம்மாவின் இன்னொரு காலையும் கேட்கிறார்கள்.

அம்மாவிடம் தொகையை ரொம்ப நாள் மறைத்தேன். நேற்று நான் போனில் கத்தியதைக் கேட்டுவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார், எத்தனை போர்வை என்று.

இப்போது யார் வருகிறார் தெரியுமா? ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பக்கத்து வீட்டு அண்ணி சொல்லிவிட்டு வந்தார், தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர், அதாவது பிசியோதெரபிஸ்ட், ஒரு அம்மா வீட்டுக்கே வருகிறார். 2021-லிருந்து இருக்கிற திட்டம், எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு பைசா கிடையாது. மெஷின் எதுவும் கொண்டுவரவில்லை. முதலில் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டார். துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்து முட்டியை அழுத்தச் சொன்னார், படுக்கையில் குதிகாலை இழுத்து இழுத்து மடக்கச் சொன்னார், முடிந்ததும் துணி சுற்றி ஐஸ், அதுவும் அந்த மரத்த இடத்தை நடுநடுவே எடுத்துப் பார்த்துக்கொண்டே. அடிக்கடி வர முடியாது, நீங்கள்தான் தினமும் செய்ய வைக்க வேண்டும் என்று எனக்கும் சொல்லிக்கொடுத்தார். மூன்று வாரத்தில் 82 இப்போது 97. வலி இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், எழுத உட்கார்ந்தால் ஆத்திரம்தான் வருகிறது. மொத்தமாகப் பணம் கட்டாதீர்கள், வருகிற அன்றைக்கு அன்றைக்குக் கொடுங்கள். தனி ஆள் பெயரில் யூபிஐ வந்தால் கட்டவே கட்டாதீர்கள். வருகிறவர் பி.பி.டி. (பிசியோதெரபி பட்டப்படிப்பு) படித்தவரா என்று சர்டிபிகேட்டைப் பார்த்துவிட்டு முட்டியில் கை வைக்க விடுங்கள். மரத்த இடத்தில் சூடு வைக்க விடாதீர்கள். காய்ச்சல், தையலில் நீர் கசிவது, கெண்டைக்காலில் வீக்கம் வலி, மூச்சு வாங்குவது, இதற்கெல்லாம் ஆப்பில் தேடாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்கு இன்று காலை புகார் கொடுத்துவிட்டேன். 38,500-இல் ஒரு ரூபாய் திரும்ப வந்தாலும் இங்கே எழுதுகிறேன். அம்மாவுக்கு ஐஸ் வைக்க நேரமாச்சு, போகிறேன்.